பின்சீட்டுக் காற்று

அளவு டேப்பின் ஒரு முனையை வண்டி இருக்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு முனையை அவர் மூக்கு வரைக்கும் இழுக்க வேண்டும். அதுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஃபோர்மேன் இரண்டு கைகளையும் ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டு, அடையாள அட்டைக்குப் படம் எடுக்க உட்கார்ந்தவர் மாதிரி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே பார்ப்பதற்கு அப்படி ஒன்றும் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளம் அது. தண்ணீர்க் குழாய்களும், மேல்வீட்டுக்காரர் ஓட்டாமலே நிறுத்தி வைத்திருக்கும் காரும்தான் இருந்தன.

"மூக்கு நுனிக்குப் புடி. கண்ணுக்குப் புடிச்சிடாத."

"நுனிதாங்க."

"மூச்ச இழுத்தா நான் கொஞ்சம் மேல ஏறுவேன். விட்டப்புறம் பாரு."

அவர் மூச்சை விடும்வரை காத்திருந்து அளவைச் சொன்னாள். புதிதாக வாங்கப்போகும் முன்கண்ணாடியின் மேல்விளிம்பு ஓட்டுகிறவரின் மூக்கு நுனி மட்டத்தில் நிற்க வேண்டுமாம். அதற்கு மேல் போனால் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டிவரும், கீழே போனால் காற்று முகத்தில் அறையும். ஒரு மாதமாகக் கைப்பேசியில் காணொளிகளாகப் பார்த்துத் தள்ளி இதைக் கண்டுபிடித்திருந்தார். இருக்கையிலிருந்து மூக்கு, மூக்கிலிருந்து விளக்கு, விளக்கிலிருந்து தாங்கி என்று அன்றைக்கு அவரை அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். பின்சீட்டில் உட்காரப்போகிறவளுக்கும் ஒரு மூக்கு இருக்கிறதே என்று டேப்புக்குத் தோன்றவில்லை. அவளுக்கே அப்போது தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

பஸ் டிப்போ பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலை போனாலும் பெயர் போகவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் ஃபோர்மேன்தான். மனைவியான அவளும் மனசுக்குள் அப்படித்தான் கூப்பிட்டாள், பாதி மரியாதையாக, பாதி வேறு மாதிரியாக. ஓய்வு பெற்ற கையோடு இந்த வண்டியை வாங்கினார். இரண்டு பக்கமும் பெட்டி, அகலமான இருக்கை, வயிறு பெருத்த டேங்க். நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த வண்டி. நெடுந்தூரம்தான் இன்னும் போகவில்லை. பால் வாங்கப் போகும்போதுகூட கையுறை மாட்டிக்கொண்டு போவார். பஸ்ஸில் மட்டும் ஏறவே மாட்டார். "அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்பார். முதல் தடவை கேட்கும்போது எல்லோரும் சிரிப்பார்கள்.

இப்போது கண்ணாடி மாட்டி ஒரு நெடும்பயணம் கிளம்பும் பேச்சு வந்ததே அவள் தங்கையால்தான். தங்கைக்கு வயிற்றில் கட்டி. அறுத்து எடுத்துவிடலாம் என்று சொன்ன டாக்டர், மீதியைச் சொல்லும்போது மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாராம். தங்கைதான் போனில் அதைச் சொன்னாள். பிறகு, "அக்கா, நான் உள்ள போறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவ வந்து பக்கத்துல உக்காரு. மாமாவையும் கூட்டிட்டு வா. உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா என் வீட்டுல பாக்கணும்" என்றாள். தான் பள்ளிக்கூடம் போகும் வயசிலேயே அவள் இடுப்பில் தூக்கித் திரிந்த குழந்தை அது. தலைவாரி, பின்னிவிட்டு, காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் மடியில் போட்டு வளர்த்த குழந்தை. பெற்ற பிள்ளை இல்லாத அவளுக்கு எல்லாமே அந்தத் தங்கைதான். அவள் வரச்சொல்லிக் கேட்டது பெரிய விஷயமே இல்லை. ஆனால் அதில் 'மாமாவையும்' என்று ஒரு சொல் இருந்தது.

மாமா அந்த வீட்டு வாசலை மிதித்துப் பல வருஷம் ஆகிறது. தங்கையின் கணவர் கார் ஷோரூமில் வேலை பார்ப்பவர். சிரித்த முகம், இஸ்திரி கலையாத சட்டை, நாக்கில் மட்டும் பூட்டு கிடையாது. புது வீட்டுக்குக் குடிபோன அன்று விருந்துக்கு வந்தவர்களிடம், "இவர் என் சகலை. பஸ் கழுவுற எடத்துல பெரிய ஆளு" என்று அறிமுகம் செய்தார். சிரிப்பு எழுந்தது. ஃபோர்மேன் கையிலிருந்த தட்டை மெதுவாக மேசையில் வைத்தார், செருப்பை மாட்டினார், கிளம்பினார். அன்று மூடிய கதவுதான். அவள் தனியாகப் போவதை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. "போறதுன்னா போ" என்று மட்டும் சொல்வார். போய்விட்டு வந்தால் பதினைந்து நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அந்த முகத்துக்குப் பயந்தே அவள் போவதைக் குறைத்துக்கொண்டாள், கடைசியில் விட்டும்விட்டாள்.

இந்தத் தடவை பயந்துகொண்டுதான் கேட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "எவ்வளவு தூரம்?" என்றார். சொன்னாள். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "போலாம். வண்டியிலயே போலாம். நம்ம வண்டிய அந்த ஷோரூம்காரன் வாசல்ல நிறுத்தி, ஹாரன் அடிச்சு வெளிய வர வைக்கிறேன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா அவ்வளவு தூரம் கண்ணாடி இல்லாம முடியாது. கண்ணாடி மாட்டிக்கிட்டு கெளம்பலாம்" என்றார். தங்கைக்காக இல்லை, தூரத்துக்காகவும் சகலைக்காகவும்தான் ஒப்புக்கொண்டார் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. எப்படியோ போகிறோமே என்று இருந்துவிட்டாள்.

கண்ணாடி சொன்ன நாளில் வரவில்லை. பெட்டி எங்கோ ஒரு கிடங்கில் மாட்டிக்கொண்டது. ஆபரேஷனுக்கு முந்தின வாரமே போய் ஆற அமர இருந்துவிட்டு வரலாம் என்று அவள் போட்ட கணக்கு ஒவ்வொரு நாளாகத் தேய்ந்தது. கண்ணாடி வந்து சேர்ந்தபோது ஒரு வாரம்கூட இல்லை, மாட்டி ஓட்டிப் பார்த்துத் திருப்தியானபின்தான் கிளம்புவேன் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டதால் ஒரே ஒரு வழிதான் மிச்சமிருந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் விடிகாலையில் கிளம்ப வேண்டும், மத்தியானத்துக்குள் அங்கே இருக்க வேண்டும். அன்று சாயங்காலம் தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள். சேர்த்தபின் யாரையும் உள்ளே விடமாட்டார்கள்.

வந்த பெட்டியைக் கீழ்த்தளத்தில் வைத்துப் பிரித்தார்கள். பஞ்சுக் காகிதத்துக்குள்ளிருந்து அந்தத் தகடு வெளியே வந்ததும் ஃபோர்மேன் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அவள் எட்டிப் பார்த்து விளிம்பில் விரலை ஓட்டினாள். கண்ணாடி என்று பெயரே தவிர அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக். அது அவளுக்குப் பழக்கமான பொருள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து வாழ்நாளில் பாதியை அதை அறுத்தும் தேய்த்தும் ஓட்டை போட்டும் கழித்தவள் அவள். ஃபிரேம் இல்லாத கண்ணாடிகள் எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். லென்ஸ் அக்கா தொட்டால் உடையாது என்று கடையில் பேச்சு.

பழைய குட்டைக் கண்ணாடியைக் கழற்றினார்கள். தாங்கிகளைப் பூட்டினார்கள். தகட்டில் நான்கு ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம், அதன் வழியாக ஒரு திருகு. அவள் கிண்ணத்தில் திருகுகளை வைத்துக்கொண்டு கேட்கும்போது எடுத்துக் கொடுத்தாள். மாட்டி முடித்துச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தபோது, சொல்லத்தான் வேண்டும், வண்டிக்கு ஒரு கம்பீரம் வந்திருந்தது. ஃபோர்மேன் அதன் முன்னால் நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏறு. ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றார்.

புறவழிச்சாலையில் வண்டி வேகம் எடுத்ததும் அவளுக்கு விஷயம் புரிந்தது. கண்ணாடியில் மோதிய காற்று மேலே எழும்பி அவர் தலையைத் தாண்டி நேராக அவள் முகத்தில் வந்து விழுந்தது. பின்சீட்டு அவர் சீட்டைவிட ஒரு சாண் உயரம். அவர் மூக்குக்கு அளந்த கண்ணாடி அவளுக்கு எந்த மட்டத்தில் வந்து நிற்கும்? தலைக்கவசம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. பல் பல்லோடு இடித்தது. காதுக்குள் யாரோ தகர டின்னை விடாமல் தட்டினார்கள். இதற்கு முன்னால், குட்டைக் கண்ணாடி இருந்தவரை, இப்படி ஒருநாளும் இருந்ததில்லை. அப்போது காற்றை அவர் நெஞ்சு வாங்கிக்கொள்ளும். அவள் அந்த முதுகின் மறைவில் சௌகரியமாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போவாள். அந்த மறைவைக் கேட்டு வாங்கியதாகவோ அவர் கொடுத்ததாகவோ இருவருக்கும் நினைவில்லை. இப்போது அது போய்விட்டது. முன்னால் அவர் சீட்டியடித்துக்கொண்டு போனார். அந்த இரைச்சலிலும் சீட்டி அவளுக்குக் கேட்டது.

வீடு வந்து இறங்கியதும் தாடையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "பின்னாடி எல்லாக் காத்தும் என் மேல அடிக்குதுங்க."

"அப்படியா? எனக்கு ஒரு பொட்டு காத்து தெரியலையே."

"உங்களுக்குத் தெரியாததெல்லாம்தான் எனக்கு வருது."

அவர் சிரித்தார். "கொஞ்சம் குனிஞ்சு என் முதுகோட ஒட்டி உக்காரு. கல்யாணமான புதுசுல அப்படித்தானே உக்காருவ."

"அவ்வளவு தூரமும் குனிஞ்சுக்கிட்டே வர முடியுமா? கொஞ்சம் ஒசரமானதா வாங்கியிருக்கலாம்."

"அப்புறம் நான் எப்படிப் பாத்து ஓட்டுறது? வண்டிய ஓட்டுறது நானா, நீயா?"

அவள் மேலே போய் வெந்நீர் வைத்துத் தாடைக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டாள். காது இரைச்சல் சாயங்காலம் வரை நிற்கவில்லை. ஆத்திரமாக வந்தது அவளுக்கு. அடி படுவதில்கூட இல்லை ஆத்திரம். அடி படுகிறது என்று சொன்னபின்னும் அது அவர் வரைக்கும் போய்ச் சேரவில்லையே, அதில்தான். இத்தனை வருஷமும் இப்படித்தான் போயிற்று. அவருக்கு வலிக்காதது வலியே இல்லை.

மறுநாள் காலையில் கீழே கூப்பிட்டார். அந்த ஒரு சுற்றிலேயே திருகுகள் தளர்ந்திருந்தன. தகடு லேசாக ஆடியது. நான்கையும் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுச் சட்டைப்பையிலிருந்து சிவப்பு மூடி போட்ட குட்டி பாட்டிலை எடுத்தார். திருகுப் பசை. டிப்போ காலத்திலிருந்து அவர் பையில் பேனா இல்லாமல் இருந்த நாள் உண்டு, அந்த பாட்டில் இல்லாமல் இருந்த நாள் கிடையாது. மரையில் இரண்டு சொட்டு விட்டு முறுக்கிவிட்டால் பஸ் எந்தக் குழியில் விழுந்தாலும் திருகு கழலாது. அவர் பட்டறையிலிருந்து போன பஸ்ஸில் ஒரு திருகு விழுந்தது என்ற பேச்சே வந்ததில்லை. அது உண்மை. ஆனால் அதெல்லாம் இரும்பு.

பாலிகார்பனேட்டுக்கு அந்தப் பசை விஷம். கடையில் சேர்ந்த புதிதில் அவளே ஒரு ஃபிரேமில்லாத கண்ணாடியில் அதை விட்டுப் பாழாக்கியிருக்கிறாள். ஒரு மாதம் கழித்து வாடிக்கையாளர் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஓட்டையைச் சுற்றி முடி முடியாக வெடிப்பு. கடைக்காரர் எல்லோர் முன்னிலையிலும் கேட்ட கேள்விகளை அவள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். இப்போது ஃபோர்மேன் முதல் திருகில் பசையைத் தாராளமாக விட்டார். அது வழிந்து ஓட்டைக்குள் இறங்கியது.

"இங்க பாருங்க..." என்று ஆரம்பித்தாள்.

அவர் திரும்பாமலே இடது கையைத் தூக்கினார். "எண்ணிக்கிட்டிருக்கேன்."

முறுக்குகளை எண்ணுவது அவர் வழக்கம். அவள் வாயை மூடிக்கொண்டாள். நான்கு திருகும் ஏறின. அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். அதுவும் சொல்லத்தான் வேண்டும், அவர் கேட்டார். "என்னமோ சொல்ல வந்தியே, என்ன?"

அப்போது சொல்லியிருக்கலாம். கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, பசை இல்லாமல் மாட்டினால் சரியாகியிருக்கும். அவளுக்குத் தாடை வலித்தது. ஓட்டுறது நானா நீயா என்ற வார்த்தை காதிலேயே நின்றது. வெடிக்க எப்படியும் ஒரு மாதம் ஆகும், அதற்குள் தங்கையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், பிறகு வெடித்துத் தொலையட்டும், அவருடைய கம்பீரத்தில் ஒரு கீறல் விழட்டும் என்று ஒரு கணக்கு மின்னலாக ஓடி முடிந்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

இனித்தது. பொய் சொல்வானேன், அந்த ஒரு சொல் வாயில் இனித்தது. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும்வரை இனித்தது.

அதன்பிறகு தினமும் காலையில் குப்பை கொட்டப் போகிற சாக்கில் கீழே இறங்கி நான்கு ஓட்டைகளையும் பார்த்தாள். கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்து, கடையில் லென்ஸைச் சோதிப்பது மாதிரி சோதித்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பது நிம்மதியா ஏமாற்றமா என்று அவளுக்கே விளங்கவில்லை. சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு நாளும் தோன்றியது, ஒவ்வொரு நாளும் அது முந்தின நாளைவிடக் கடினமாக இருந்தது. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? கிளம்புவதற்கு முந்தின நாள் கீழ் இடது ஓட்டையின் ஓரத்தில் ஒரு இழை தெரிந்தது. விளக்கைச் சாய்த்தால் தெரிந்தது, நேரே பிடித்தால் மறைந்தது. நாளைக்கு ஒரு நாள்தானே, தாங்கும் என்று சொல்லிக்கொண்டு மேலே போனாள்.

இருட்டு விலகுவதற்குள் கிளம்பினார்கள். கிளம்புமுன் தங்கைக்குப் போன் செய்தபோது, "மாமாவும் வர்றாராக்கா? நெஜமா?" என்று கேட்டாள். பின்னாலிருந்து அவள் கணவரின் குரலும் கேட்டது. "கேட்டத் தொறந்து வெக்கறேன்னு சொல்லு, வண்டிய உள்ளயே நிறுத்தட்டும்." அந்த ஷோரூம்காரர் இவ்வளவு மரியாதையாகப் பேசி அவள் கேட்டதில்லை. நோய் வந்த வீட்டில் எல்லோரும் கொஞ்சம் மெலிந்துபோகிறார்கள். இதைச் சொன்னபோது ஃபோர்மேன் கையுறையை இழுத்து மாட்டினார். முகம் மலர்ந்திருந்தது.

நெடுஞ்சாலையில் காற்று அவளை அடித்துத் துவைத்தது. அவள் குனிந்து பார்த்தாள், பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். எப்படி இருந்தாலும் அது தேடிப்பிடித்து வந்து அறைந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டாள். தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று நினைத்துக்கொண்டே போனாள். பேச ஒன்றும் வேண்டாம், தலையை மட்டும் வாரிவிடலாம் என்று பட்டது. அதற்காகவே கைப்பையில் பெரிய பல் சீப்பு ஒன்றை எடுத்து வைத்திருந்தாள்.

வெயில் ஏறியபின் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். அவர் டீ சொல்லப் போன நேரத்தில் அவள் வண்டியின் முன்பக்கம் வந்தாள். விளக்கைச் சாய்த்துப் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. கீழ் இடது ஓட்டையிலிருந்து இரண்டு கோடுகள் விளிம்பை நோக்கி ஓடியிருந்தன. வலது ஓட்டையிலும் ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் தன் கணக்கில் இருந்த ஓட்டை புரிந்தது. லென்ஸ் ஒரு மாதம் தாங்கியது என்றால், அது மூக்கின் மேல் சும்மா உட்கார்ந்திருந்ததால் தாங்கியது. காற்றும் வெயிலும் குலுக்கலும் சேர்ந்து அறையும் தகட்டுக்குப் போய் மூக்குக்கண்ணாடியின் நாளை எண்ணியிருக்கிறாளே, இத்தனை வருஷம் வேலை பார்த்தவள்.

டீயோடு அவர் வருவது தெரிந்ததும் தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கண்ணாடியின் மேல் போர்த்தினாள்.

"என்ன பண்ற?"

"வெயில் படாம இருக்கட்டுமே."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் ஒரு சந்தோஷம் இருந்தது. தன் வண்டியை அவளும் கவனிக்க ஆரம்பித்துவிட்டாள் என்ற சந்தோஷம். "பிஸ்கட் சாப்பிடறியா?" என்று கேட்டார். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டாள், அவர் வண்டியைக் கிளப்பும்போதுதான் சால்வையை உருவினாள்.

பாதி தூரம் தாண்டியிருப்பார்கள். பெரிய லாரி ஒன்று உரசிக்கொண்டு முந்திப் போனது. அதன் பின்னாலிருந்து வந்த காற்று வண்டியை ஒரு தள்ளு தள்ளியது. அந்த இரைச்சலுக்குள் டக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், அவள் மட்டும் ஒவ்வொரு நிமிஷமும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த சத்தம். கண்ணாடியின் இடது மூலை தனியாகப் படபடக்க ஆரம்பித்தது. ஃபோர்மேன் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினார்.

இறங்கி முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பின்னால் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"பார்சல்லயே அடி பட்டிருக்கும்" என்றார் முதலில். பிறகு, "இல்லியே, பிரிச்சப்ப நான்தானே பாத்தேன்" என்றார். விரலை ஒவ்வொரு ஓட்டையாக வைத்துப் பார்த்தார். "முறுக்கு ஜாஸ்தியாயிடுச்சோ? எண்ணித்தானே முறுக்கினேன். எங்க தப்பு பண்ணேன்?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். தன் வேலையில் தப்பு தேடி அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. அந்த விரலை மறுபடியும் முதல் ஓட்டைக்கே கொண்டுபோனார். அதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. இதைத்தானே கேட்டாய் என்று தன்னையே வெறுக்கவும் தோன்றியது.

"கழட்டிட்டுப் போலாங்க. கண்ணாடி இல்லாமலும் வண்டி ஓடுமில்ல."

அவர் கருவிப்பையை எடுத்துக் கழற்றினார். திருகுகள் லேசில் வரவில்லை. "பசை மட்டும் நல்லாப் புடிச்சிருக்கு பாரு" என்றார், அந்த நிலைமையிலும் ஒரு பெருமையோடு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தகடு கையோடு வந்ததும் தாங்கிகள் இரண்டும் மொட்டையாகத் துருத்திக்கொண்டு நின்றன. அவர் எழுந்து நாலடி தள்ளிப் போய் வண்டியைப் பார்த்தார். அன்று கீழ்த்தளத்தில் நின்று பார்த்த அதே மாதிரி நின்றார்.

"திரும்பிடலாம்" என்றார். குரல் அடங்கியிருந்தது.

"என்னங்க சொல்றீங்க?"

"வண்டி மூஞ்சியப் பாரு. இத எடுத்துக்கிட்டு அவன் வாசல்ல போய் நிக்கவா? முப்பது வருஷம் பட்டறையில இருந்தவனுக்கு ஒரு கண்ணாடி மாட்டத் தெரியலன்னு சிரிப்பான்."

"அவர் சிரிக்கிறதுக்காகவா நாம போறோம்? நம்மள ஒண்ணாப் பாக்கணும்னு அவ கேட்டா. கேட்டத் தொறந்து வெச்சிருக்காங்க."

"நாளைக்கு ஆபரேஷன் முடியட்டும். முழிச்சப்புறம்தானே தொணைக்கு ஆள் வேணும். அதுக்குள்ள வேற கண்ணாடி வந்துடும். நிதானமாப் போயி நாலு நாள் இருந்துட்டு வரலாம்."

முழிச்சப்புறம். அந்தச் சொல்லை அவர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். அவளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்த ஊர்ல என்னை இறக்கி விடுங்க, நான் பஸ் புடிச்சுப் போயிக்கறேன், நீங்க உங்க கண்ணாடியத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போங்க. வாக்கியம் முழுசாக, ஒரு எழுத்துக் குறையாமல் தொண்டையில் வந்து நின்றது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வாக்கியம் அங்கே வந்து நின்றதில்லை.

அவர் தகட்டை அவளிடம் நீட்டினார். அதைக் கொடுத்துக்கொண்டே, "அன்னிக்கு இதை மாட்டும்போது நீ ஏதோ சொல்ல வந்த. நான்தான் எண்ணிக்கிட்டிருக்கேன்னு கையக் காட்டினேன்" என்றார். "என்ன சொல்ல வந்த?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று, பதில் வரும்வரை நிற்பவராக, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அவர் இப்படிக் கேட்க வேண்டும் என்றுதானே அவள் இத்தனை காலம் காத்திருந்தாள்? கேட்பதற்கு இந்த நேரம்தானா கிடைத்தது?

"அன்னிக்கே சொன்னேனே. ஒண்ணுமில்லன்னு."

"அதில்ல, நீ லென்ஸ் வேல பாத்தவளாச்சே. ஏதாவது தெரிஞ்சிருக்குமோன்னு கேட்டேன்."

"ஒண்ணுமில்லைங்க."

இந்தத் தடவை அது இனிக்கவில்லை. அதோடு, தொண்டையில் நின்றிருந்த வாக்கியமும் இறங்கிப் போய்விட்டது. அவள் அதைத் தேடிப் பார்த்தாள். சொற்கள் எல்லாம் இருந்தன, சொல்லத்தான் வாய் வரவில்லை. நியாயம் கேட்பவளுக்குக் கை சுத்தமாக இருக்க வேண்டும். ஆயுசு முழுக்கச் சேர்த்து வைத்த நியாயத்தை ஒரு சொட்டுப் பசைக்காகத் தொலைத்துவிட்டு நிற்பவள் எந்த முகத்தோடு கேட்பாள்? நெடுஞ்சாலையில் ஒரு பஸ் அவர்களைத் தாண்டித் தங்கையின் ஊர்ப் பக்கமாகப் போயிற்று. ஜன்னலோரத்தில் ஒரு பெண் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஃபோர்மேன் பழக்க தோஷத்தில் அதன் சக்கரத்தைக் கவனித்துவிட்டு, "பின் டயர்ல காத்து கம்மி" என்றார்.

தகடு பெட்டிக்குள் நுழையவில்லை. அவள்தான் பிடித்துக்கொண்டு வர வேண்டும். சால்வையைச் சுற்றி, தனக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் நிறுத்தி, கைப்பையை மடியில் வைத்து அதோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். வண்டி பெரிய வளைவாகத் திரும்பி வீட்டுப் பக்கம் முகம் வைத்தது. வேகம் எடுத்ததும் முன்னால் அவர் சட்டை படபடவென்று அடித்துக்கொண்டது. காற்று முழுவதும் இப்போது அவர் மேல்தான். கழுத்தைக் குறுக்கி, தோளைத் தாழ்த்தி, கிழவர் மாதிரி ஓட்டினார். பின்னால் ஒன்றுமே இல்லை. அவள் தலைக்கவசம் அசையவில்லை. காதில் இரைச்சல் இல்லை. கண்ணாடி வருவதற்கு முன்னால் இருந்த அதே அமைதி, அதே மறைவு, கேட்காமலே திரும்பி வந்திருந்தது.

கொஞ்ச தூரம் போனபின் அவர் தலையை லேசாகத் திருப்பி, காற்றுக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டார். "பின்னாடி காத்து அடிக்குதா?"

"இல்ல" என்றாள்.

கைப்பைக்குள் போன் அதிர ஆரம்பித்தது. யார் என்று பார்க்க வேண்டியதில்லை. சீப்புக்கும் போனுக்கும் மேலாகப் பையை இறுக்கிப் பிடித்தாள். பையிலிருந்து அதிர்வு தகட்டுக்கு ஏறியது. தகடு முழுவதும் ஒரு மெல்லிய ரீங்காரமாக நடுங்கி, அவர் முதுகைத் தொட்டுக்கொண்டே இருந்தது. சால்வை விலகிய இடத்தில் வெடிப்பு தெரிந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் அது ஒரு நூல் நீண்டது. அவள் விரலை அதன் நுனியில் வைத்து அழுத்திக்கொண்டாள், அதன்பின்னும் அது விரலுக்கடியில் நகர்ந்தது.